ஈறு நிற ரோஜா

...இந்தப் பசை வாசனை வந்தாலே பள்ளிக்கூட ஞாபகம் வருகிறதாம் நாத்தனாருக்கு, டப்பாவை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் உறிஞ்சி உறிஞ்சிச் சொல்கிறாள், எனக்கென்னவோ அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டுதான் வருகிறது, மருந்துக்கடையில் நின்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு வாந்தி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான், எனக்கு யார் எடுத்துக் கொடுப்பது... ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொஞ்சம் படுக்கலாம் என்று நினைத்த நேரத்தில் சாப்பாட்டு மேசை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்தாயிற்று, அதன்மேல் பசை, விதவிதமாய்க் கத்தரிக்கோல்கள், காகிதத்தில் துளை போடுகிற கருவி, ஜிகினாத் தூள், நடுவில் என் செருப்பு டப்பா. செருப்பு வந்த டப்பா, அவ்வளவுதான், உள்ளே இருப்பது அவர் எனக்குச் செய்து கொடுத்த வாழ்த்து அட்டைகள், கல்யாணமான வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரைக்கும், எல்லாம் அவர் கையால் செய்தவை, ஒன்றுகூடக் கடையில் வாங்கியதில்லை. அலமாரி உச்சியில் தூசியோடு கிடந்ததை நாற்காலி போட்டு ஏறி எடுத்தவளும் நாத்தனார்தான். மூடியைத் திறந்ததும் காகிதம் தின்கிற பூச்சி ஒன்று விறுவிறுவென்று வெளியே ஓடி வந்தது, அவள் அதைக் கட்டைவிரலால் நசுக்கினாள், நசுக்கிய விரலையே நாக்கில் தொட்டு முதல் அட்டையைப் புரட்டினாள். சீ. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு எச்சில் விழுங்க முடியவில்லை.

கல்யாணம் மகளுக்கு, அடுத்த மாதம். மண்டப அலங்காரம் என் பொறுப்பு என்று நாத்தனார் தானாகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாள், அவள் தன் குடியிருப்பில் பெண்களுக்குக் கைவேலை வகுப்பு எடுக்கிறவள், எடுப்பதைக் கைபேசியில் படம் பிடித்து ஊருக்கும் காட்டுகிறவள், தீர்ந்துபோன ஷாம்பு பாட்டிலைப் பூச்சாடியாக்குவாள், கிழிந்த குடையைப் பையாக்குவாள், அவள் வீட்டில் எந்தப் பொருளும் நிம்மதியாகச் செத்ததில்லை. இன்றைக்குத் தலைப்பு, வாழ்த்து அட்டைகளைத் தூக்கி எறியாதீங்க. முக்கோணமாக வெட்டி நூலில் கோத்தால் வாசலுக்குத் தோரணம், சின்னதாக வெட்டித் துளை போட்டால் பரிசுப் பையில் கட்டுகிற சீட்டு, வட்டமாக வெட்டிக் கண்ணாடித்தாள் ஒட்டினால் டீ கோப்பை வைக்கிற தட்டு, மீந்த துணுக்கையெல்லாம் ஒரு பெட்டிமேல் ஒட்டினால் வருகிறவர்கள் வாழ்த்து எழுதிப் போடுகிற பெட்டி. "எங்க அண்ணன் உங்க மேல வெச்சிருக்கிற அன்பு மொத்தமும் மண்டப வாசல்ல தொங்கணும் அண்ணி, வர்றவங்க பாத்து வாயைப் பொளக்கணும்." தொங்கட்டும், பிளக்கட்டும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான்... வேண்டாம் என்றால் ஏன் என்பாள், ஏன் என்றால் ஒரு பதில் வேண்டும், இத்தனை வருஷமாகத் தொண்டைக்குக் கீழேயே வைத்திருந்த பதிலை இப்போது பசை டப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து கக்குவதா. அதனால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டேன்.

பதில் ஒன்றும் பெரிய ரகசியமில்லை, அவர் வாயால் மன்னிப்புக் கேட்டதே கிடையாது, அட்டையால்தான் கேட்பார். இரவு தட்டு பறக்கும், இல்லையென்றால் என் அப்பா அம்மாவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகச் சந்திக்கு இழுப்பார், காலையில் எழுந்து சமையலறைக்குப் போனால் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்த ஓர் அட்டை. உள்ளே ஒரு எழுத்து இருக்காது, எதற்கு, யாருக்கு, எதுவும் இருக்காது, வெறும் படம். நான் அதை எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டால் விவகாரம் முடிந்தது, சிரிக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. சிரிக்கக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும்... கை வேலை மட்டும் ரொம்ப சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும், பல்செட் செய்கிற பட்டறையில் வேலை, அங்கே ஒரு ரோஸ் நிற மெழுகுத் தகடு உண்டு, பொய்ப்பல்லுக்கு ஈறு பிடிக்கிற மெழுகு, அதை விரல் சூட்டில் இளக்கி இதழ் இதழாக இழுத்து அட்டைமேல் ரோஜா செய்வார். பார்க்கிறவர்கள் எல்லாம் ஐயோ நிஜ ரோஜா மாதிரியே இருக்கிறதே என்பார்கள், எனக்கு அது ரோஜாவாகத் தெரிந்ததே இல்லை, யாரோ வாயைத் திறந்து ஈறைக் காட்டுவது மாதிரிதான் இருக்கும். ஒவ்வோர் இதழிலும் அவருடைய பெருவிரல் ரேகை. ஒரு ரோஜாவுக்கு அடியில் அவருடைய முடி ஒன்று பசையோடு சுருண்டு காய்ந்திருக்கிறது, இப்போது என் நகத்துக்குக் கீழே அது நிரடுகிறது, இழுத்தால் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்துப் போட்டேன்.

"கேமரா ஓடுது அண்ணி, பயப்படாதீங்க, உங்க கை மட்டும்தான் வரும், மூஞ்சி வராது." நல்லது, மூஞ்சி வராத வரைக்கும் நல்லது. கைபேசியை ஒரு தாங்கியில் கவிழ்த்து மாட்டியிருக்கிறாள், அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்குகிறது, அவள் குரலை இனிப்பாக்கிக்கொண்டு, முதல்ல நம்ம கார்டுகளைத் தருணம் வாரியா பிரிச்சுக்கலாம், என்று யாருக்கோ சொல்கிறாள். தருணம் வாரியாக! பிறந்தநாள் ஒரு குவியல், கல்யாண நாள் ஒரு குவியல், சும்மா அன்புக்காகக் கொடுத்தது ஒரு குவியல், பிறந்தநாள் அட்டையெல்லாம் சீட்டாகுமாம், கல்யாண நாள் தோரணமாகுமாம், சும்மா கொடுத்தது கோப்பைத் தட்டாம். அட்டையில்தான் ஒன்றும் எழுதவில்லையே, அதனால் ஒவ்வொன்றாக எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டுகிறாள், இது எதுக்கு அண்ணி, இது எதுக்கு அண்ணி. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போகிறேன், இது பிறந்தநாள், இது கல்யாண நாள், ஆனால் கை பொய் சொல்ல மாட்டேன் என்கிறது, அது தானாகவே வேறு கணக்கில் பிரிக்கிறது. தட்டு எறிந்ததெல்லாம் பிறந்தநாள். அவருடைய கூட்டாளிகளுக்கு எதிரில் என்னை மட்டம் தட்டியதெல்லாம் கல்யாண நாள். பேசாமலே ஒரு வாரம் ஒரு வீட்டில் இரண்டு பேய்கள் மாதிரி நடந்தோமே, அதெல்லாம் சும்மா அன்புக்காக. பிறந்தநாள் குவியல் சரிந்து விழுகிற அளவுக்கு உயர்ந்துவிட்டது, நாத்தனார் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், "அண்ணி, எங்க அண்ணன் உங்களுக்கு வருஷத்துக்கு எத்தனை பிறந்தநாள் கொண்டாடுறான்!" நானும் சிரித்தேன். அதுதான் பழக்கமாகிவிட்டதே.

ஒன்றை மட்டும் அவள் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்க்கிறாள், பழுப்பேறிய அட்டை, ஓரமெல்லாம் காப்பி நிறத்தில் அலை அலையாக. "இது பாருங்க, டீத்தண்ணியில நனைச்சுப் பழைய காலத்து லுக் குடுத்திருக்கான், இதையெல்லாம் நாங்க இப்பத்தான் கத்துக் குடுக்கிறோம், அவன் அப்பவே பண்ணியிருக்கான் பாருங்களேன்." அடி அம்மா... அதை நான் குப்பைக் கூடையில் போட்டேன், ஒரே ஒரு தடவைதான் அந்தத் தைரியம் வந்தது, டீத்தூள் சக்கைக்கு மேல் போட்டு மூடினேன், சாயங்காலம் வந்தவர் கூடையைக் கிளறி அதை எடுத்தார், துடைத்தார், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டினார், நான் பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே இருந்தது, டீத்தூள் காய்ந்து உதிர்கிற வரைக்கும். அதற்கப்புறம்தான் இந்தச் செருப்பு டப்பா. ஊரெல்லாம் என்ன பேச்சு, அவள் ஒவ்வொன்றையும் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாள் பார், கொடுத்து வைத்தவள், இந்தக் காலத்தில் எந்தப் புருஷன் ராத்திரி கண் விழித்துப் பூச் செய்து கொடுக்கிறான்... பத்திரமாம் பத்திரம், எறிய வழியில்லாமல் வைத்திருந்தேன். டீக்கறை அட்டையைத் தோரணத்துக்கு நடுநாயகமாக வைக்கப் போகிறாளாம்.

வட்டமாக வெட்டுகிற வேலை மட்டும் எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது, ஏன் மறைக்க வேண்டும், இதன்மேல் கொதிக்கக் கொதிக்கக் கோப்பையை வைப்பார்கள், வட்ட வட்டமாய்க் கறை படும், விளிம்பில் எச்சில் வழியும் என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன். அப்படி வெட்டும்போது பெரிய அட்டை ஒன்று கைக்கு வந்தது, டப்பாவிலேயே பெரியது, ஒன்றல்ல, கொத்தாக ரோஜா, அவர் அவ்வளவு சிரமப்பட்டு வேறு எதையும் செய்ததில்லை. எதற்குச் செய்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கைக்கு முதலில் தெரிந்தது. "அண்ணி, சுண்டுவிரலை உள்ள மடக்கிக்கோங்க, கேமராவுல ஒரு மாதிரி நீட்டிக்கிட்டுத் தெரியுது." மடங்காது என்றேன். "அட ஆமால்ல, மறந்தே போச்சு, காத்துல கதவு அடிச்சதுன்னு சொன்னீங்கல்ல." ஆமாம், காற்றுதான். என் கை கதவு நிலையில் இருந்தது, அவர் அறைந்து சாத்தினார், பார்க்கவில்லை என்றார். வைத்தியரிடம் காற்று என்று அவரே சொன்னார், கட்டுப் போட்டு முடிகிற வரைக்கும் என் பையைச் சுமந்துகொண்டு வெளியே நின்றார், மறுநாள் இந்தக் கொத்து. பார்த்தாரா, பார்க்கவில்லையா... சாத்துவதற்கு முன்னால் ஒரு நொடி அவர் கண் கீழே போய் வந்ததாகத்தான் எனக்கு நினைவு, அது நினைவா, நானே பிறகு சேர்த்துக்கொண்டதா, அதுவும் தெரியவில்லை. அந்த விரல் நீட்டிக்கொண்டு நிற்க, அந்த விரலுக்காகச் செய்த அட்டையை அதே கையில் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க வட்டமாக வெட்டுகிறேன். இதைவிடக் கேவலம் வேண்டுமா? "கல்யாண நாளுதானே அண்ணி இது?" என்றாள். ஆமாம் என்றேன்.

மெழுகு ரோஜாக்கள் வெட்டுக்கு இடைஞ்சலாம், அதனால் கத்தி முனையால் சுரண்டி ஒரு பழைய கரண்டியில் சேர்த்தாள், வீணாக்கக் கூடாதாம், உருக்கித் திரி போட்டுக் குட்டிக் குட்டி மெழுகுவத்தி ஆக்கி மேசைக்கு மேசை வைப்பாளாம். அடுப்பில் கரண்டியைக் காட்டினதுமே அந்த வாசனை எழுந்தது, ஐயோ, அவருடைய சட்டை வாசனை, பட்டறை வாசனை, கட்டிலில் என் பக்கம் திரும்பிப் படுக்கும்போது வருகிற வாசனை, இத்தனை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரே கரண்டியில் கொதிக்கிற மாதிரி. மேலே தூசி நுரைத்து மிதக்கிறது, ஒரு பூச்சிக் கால் சுற்றுகிறது, கொழகொழவென்று அந்த ஈறு நிறம். முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர் வாசனை பிடித்து எழுந்து வந்தார், தொண்டையைக் காறிக்கொண்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "என்னம்மா, என் பூவையெல்லாம் உருக்கிட்டியா?" என்று தங்கையிடம் செல்லக் கோபம். "உன் பூ இனிமே மண்டபம் முழுக்க எரியும் அண்ணா." அவருக்கு வாயெல்லாம் பல், சொந்தப் பல். குவியல்களை ஒரு விரலால் நகர்த்திப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எந்தக் குவியல் எது என்று அவருக்குத் தெரியுமா, ஒவ்வொன்றும் எதற்கு என்று அவருக்காவது ஞாபகம் இருக்கிறதா... முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டார், அல்லது நிஜமாகவே பிறந்தநாள் என்றே நம்புகிறார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. "எல்லாத்தையும் எப்படிப் பத்திரமா வெச்சிருக்கா பாரு" என்று சொல்லிவிட்டு, குடித்த டம்ளரை ஈரத்தோடு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இன்னும் கொஞ்சம்தான், முடிந்தால் கை கழுவலாம், சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் மகள் வந்தாள். மண்டபத்தைப் பார்க்க, கட்டிக்கொள்ளப் போகிற பையனோடு காலையில் போனவள், கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற பையன், மெதுவாகப் பேசுவான், மெதுவாகப் பேசுகிறானே என்றுதான் எனக்கும் பிடித்தது. பையைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு வந்து, ஐயோ அத்தை சூப்பரா இருக்கு, என்று தோரணத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், குழந்தையாக இருந்தபோதும் இப்படித்தான், காலையில் சர்க்கரை டப்பாமேல் அட்டையைப் பார்த்துவிட்டால் எடுத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடுவாள், அப்பா பூ பண்ணியிருக்கார், அப்பா பூ பண்ணியிருக்கார், அவளுக்குப் பின்னால் ஓடி ஓடித்தான் நான் பாதிச் சிரிப்பைப் பழகினேன். பிறகு பையைத் திறந்து, துணியில் சுற்றின ஒன்றை எடுத்தாள். "அத்தை, இதையும் சேத்துப்பீங்களா? அவர் செஞ்சது." வெள்ளை அட்டை, மேலே காகிதத்தாலேயே ஒரு குட்டி வீடு, சன்னல் திறந்து மூடுகிறது, படி படியாக ஏணி, ஒரு பிசிறு இல்லை, பசை ஒரு சொட்டு வழியவில்லை. நாத்தனார் குதிக்காத குறை, "பாத்தீங்களா அண்ணி, நம்ம வீட்டுக்கு ஏத்த மாப்பிள்ளை!" நான் அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நான்தான் அத்தை சொன்னேன், எங்கப்பாவா இருந்தா இந்நேரம் ஒரு கார்டு செஞ்சு வெச்சிருப்பாருன்னு. மறுநாளே கொண்டுவந்து நீட்டிட்டாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்நேரம்... இந்நேரம் என்றால் எந்நேரம், எதற்குப் பிறகான நேரம், ஒன்றுமே நடக்காமல் ஒருத்தி ஒருத்தனிடம் இந்நேரம் என்று சொல்வாளா? எதுக்குக் குடுத்தாரு, என்று கேட்டேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "எதுக்குன்னா? சும்மாதாம்மா." பைவாரைத் தோளில் சரிசெய்துகொண்டே, கண்ணை மேசைமேல் வைத்துக்கொண்டே, கடைசியில் லேசாக ஒரு சிரிப்பை இழுத்து விட்டு... அந்தச் சும்மாவை எனக்குத் தெரியும். அந்த இழுப்பு தெரியும், அந்தத் தோள் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி கேட்கும்போது, கடை முதலாளியம்மா கேட்கும்போது, இதோ இந்த நாத்தனார் கேட்கும்போதெல்லாம், என்ன விசேஷம், எதுக்குக் கார்டு என்றால், சும்மாதான் என்பேன், இதே மாதிரி, அப்போதெல்லாம் இவள் என் இடுப்பளவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நான் இவளுக்குத் தலை பின்னச் சொல்லிக் கொடுத்தேன், கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், இதையும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் போல. 

"அண்ணி, இது எந்தக் குவியல்? சும்மா குடுத்ததுலேயே வெச்சிடவா?" நாத்தனார் கை நீட்டிக்கொண்டிருக்கிறாள், கரண்டியில் ரோஸ் மெழுகு ஆறி ஏடு கட்டுகிறது, சிவப்புப் புள்ளி இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது, முன்னறையில் அவர் எதற்கோ சத்தமாகச் சிரிக்கிறார். நான் அட்டையைக் கொடுக்கவில்லை. என் விரலிலெல்லாம் பசை, அந்த வீட்டின் வெள்ளைச் சுவரில் என் விரல்கள் பதிந்துவிட்டன, பதிந்தால் பதியட்டும். கேமராவை நிறுத்தும்மா, என்றேன். "ஏன் அண்ணி, நல்லாத்தானே..." நிறுத்து என்றேன். பிறகு மகளிடம் மறுபடியும் கேட்டேன், எதுக்குக் குடுத்தாரு. அவள் சிரிக்கவில்லை, சும்மா என்றும் சொல்லவில்லை, என்னையும் பார்க்கவில்லை, அட்டைக்கு வெளியே மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த என் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் கதவு அடித்தது என்று அவளிடமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், ஒருதடவைகூட அவள் திருப்பிக் கேட்டதில்லை, நம்புகிறாள் என்றே வைத்திருந்தேன்... அன்றைக்கு என் இடது கை கதவு நிலையில் இருந்தது, வலது கை? வலது கை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.